தண்ணீர்க் கணக்கு

கொட்டகலைச் சந்தையில்
சோமலதா அதை விற்கவில்லை, தள்ளிவிட்டாள்.
"பூ இல்லை, வாசம் இல்லை, யாரும் கேட்கிறதும் இல்லை.
ஆனால் சாகாது, நங்கி.
பழைய பங்களாவில் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது.
எத்தனை துரைமார் மாறினார்கள், இது மாறவில்லை."
முந்நூறு ரூபாய்.
ஐந்து நீட்டு இலை, ஒன்று நுனி கிழிந்தது.

எனக்கும் சாகாத ஒன்றுதான் தேவை.
விஜயகுலனுக்கு ஃபெக்டரியில் இராவேலை.
காலை ஆறரைக்குப்
புருவத்தில் தேயிலைத் தூளோடு வருவான்,
ஜன்னலில் உரச்சாக்கை இழுத்துவிட்டுப் படுப்பான்.
ஏழுக்கு நான் டவுனுக்கு இறங்குவேன்,
ஊராரின் பிறப்புச் சான்றிதழ்களைப்
போட்டோக்கொப்பி எடுக்க.
எங்கள் காம்பராவில் பகல் என்பது
கூரைத் தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை.

அந்த வெளிச்சம் பத்து மணிக்கு அலுமாரியில்,
பதினொன்றுக்குச் சுவரில்,
பன்னிரண்டுக்கு ஒரு பருப்பளவாய் இலைமேல்.
இதை ஒரு போயா நாளில்தான் பார்த்தேன்.
அது போதும் என்றது செடி.
அல்லது ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று மாதம் ஓர் இலைகூட விடாமல்
கைகட்டி நின்றது.
சீட்டுக்காசு கட்டி முடியும்வரை
நாங்களும் அப்படித்தான்.

ஐப்பசி மழையில் ஓர் இலை மஞ்சளானது.
பிறகு இன்னொன்று, காம்பிலிருந்து.
தண்ணீர் போதவில்லை என்று நான்
வேலைக்குப் போகுமுன் ஒரு கோப்பை ஊற்றினேன்.
தண்ணீர் போதவில்லை என்று அவன்
வேலைக்குப் போகுமுன் ஒரு கோப்பை ஊற்றினான்.
ஒருவருக்கொருவர் சொல்லவில்லை.
சொல்ல இருந்த அரைமணியில்
சோறு சாப்பிட்டோம்.

ஞாயிறு தூக்கிப் பார்த்தால்
பிஸ்கட் டின்னின் அடியில் துவாரமே இல்லை.
மண் புளித்து நாறியது.
விரல்தடிக் கிழங்கு, ஒரு பக்கம் கறுத்து.
"நீயும் ஊத்துனியா?"
"நீங்களுமா?"
இஸ்தோப்பில் குந்தியிருந்து சிரித்தோம்,
பக்கத்துக் காம்பராப் பிள்ளை எட்டிப் பார்க்கும்வரை.

அழுகியதைக் கவ்வாத்துக் கத்தியால் சீவினான்.
மிஞ்சியதை இரண்டாக்கினான்.
ஒன்று, ஆணியால் துளைத்த பால்மா டின்னில், உள்ளே.
ஒன்று, பீலிக்குப் பின்னால், மண்மேட்டின் நிழலில்,
வெயில் வராத, கோழி மட்டும் வரும் இடத்தில்.
ஆழமாய்ப் புதைக்காதே என்றான்,
கிழங்கு கொஞ்சம் வெளியே மூச்சுவிடட்டும்.
மக்கிய தேயிலைக் கழிவு ஒரு பிடி.

உள்ளே இருப்பதற்குச் சட்டம் போட்டோம்:
ஊற்றியவர் டின் பக்கத்தில்
சோடாமூடியைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.
மண் காய்ந்ததைப் பார்த்தவர் நிமிர்த்த வேண்டும்.

இப்போது வீடு வந்ததும்
அவன் முகத்துக்கு முன்னால் மூடியைப் பார்க்கிறேன்.
கவிழ்ந்திருந்தால்
எழுந்து, முகங்கழுவி, கோப்பை தேடியிருக்கிறான்.
ஒரு நாள் நிமிர்ந்த மூடிக்குள்
ஒரு தோடம்பழ இனிப்பு.
சட்டத்தில் அதற்கு இடமில்லை.

வெளியே நட்டதற்கு, கோழி கிளறியும் பனி நக்கியும்,
எட்டு இலை.
உள்ளே நட்டதற்கு ஒன்றே ஒன்று.
சுருட்டிய ரசீதுபோல் வந்து
பதினெட்டு நாள் எடுத்துப் பிரிந்தது.
ஈரத்துணியால் துடைத்தால்
இருட்டையே மெருகு போட்டதுபோல் பச்சை.

சோமலதா சொன்னது பொய்.
மாசியில், தண்ணீருக்குப் போன இடத்தில்,
சருகு ஒதுக்கினேன்.
இலைக்கு அடியில், மண்ணோடு மண்ணாக,
தண்டே இல்லாமல்,
கத்தரிக்காய்த் தோல் நிறத்தில்
சட்டைப் பொத்தானளவு ஒரு பூ.
எறும்பு உயரத்தில் பூத்திருந்தது.
யாருக்காக என்று தெரியவில்லை.

பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்.
அவன் அப்போதுதான் குறட்டையைத் தொடங்கியிருந்தான்.
எழுப்பவில்லை.
டின் மண்ணைத் தொட்டேன், காய்ந்திருந்தது.
மூடியை நிமிர்த்தினேன்.
அதற்குள்
பீலிக்குப் பின்னால் இருந்து
ஒரு சிட்டிகை ஈரமண்.

கேட்பான்.